வெடிச்சாத்தான் வரலாறா?

"உங்க ஊர்ப் பக்கம் சுத்திப் பாக்க என்னய்யா இருக்கு? வெயிலும் வெடியும்தானே?"

விருதுநகர் மாவட்டம்னு வாயைத் திறந்ததும் இந்தக் கேள்வி வந்துடும். ஆபீஸ்ல பக்கத்து சீட்டுல பொட்டி தட்டுறவர் கேட்பார். பக்கம் பக்கமா பயணக் கட்டுரை எழுதித் தள்ளுற சக பதிவர்களும் கேட்பாங்க. மதுரையில மீனாட்சியைக் கும்பிட்டுட்டு நேரா குத்தாலத்துக்கு வண்டியை விடுற மக்களுக்கு, நடுவுல கிடக்கிற எங்க மாவட்டம் ஒரு டீ, அரைக்கிலோ பால்கோவா. அம்புட்டுத்தான்.

இன்னிக்கு அவங்களைக் கொஞ்சம் திட்டலாம்னு உக்காந்தேன். எழுத எழுத, எங்க ஊர்க்காரங்களுக்கும் சேத்து நாலு வார்த்தை இருக்குன்னு தெரிஞ்சது. ரெண்டு தரப்பும் பொறுத்தருள்க.

முதல்ல ஊர் விளக்கம். ஆலங்குளம்னு சொன்னா, "திருநெல்வேலி தென்காசி ரோட்டுல வருமே, அதானே?"ம்பாங்க. இல்லீங்க. அது இப்ப தென்காசி மாவட்டம். எங்களது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970ல வந்த அரசு சிமெண்ட் ஆலையை வச்சு 'சிமெண்ட் ஆலங்குளம்'னு சொன்னாத்தான் கண்டக்டருக்கே புரியும். ஒரு பக்கம் ராஜபாளையம், இன்னொரு பக்கம் வெம்பக்கோட்டை, அங்கிட்டு சிவகாசி. சுத்தி கரிசல்.

போன பொங்கல் லீவுல ரெண்டு கல்லூரித் தோழர்களை ஊருக்கு இழுத்துட்டு வந்தேன். மூணு நாள், ஒரு பழைய கார். மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாதுங்கிறதுதான் ஒரே நிபந்தனை. இந்தக் கேள்விக்கு ஒருதரம் வாயால இல்லாம வண்டியால பதில் சொல்லிடணும்னு ஒரு வீம்பு.

என்ன இருக்குன்னு கேட்டவங்களுக்காக வேகமா ஒரு பட்டியல்:

விருதுநகர்ல காமராஜர் வாழ்ந்த வீடு. 1903ல பிறந்தவர், ஒன்பது வருசம் முதலமைச்சர். நம்ம வீட்டு ஹாலுக்குள்ள அடங்கிடுற அளவு வீடு. பாத்துட்டு வெளிய வந்து கொஞ்ச நேரம் நாங்க மூணு பேரும் பேசிக்கலை.

அதே ஊர்லதான் சங்கரலிங்கனார். 'மெட்ராஸ் ஸ்டேட்'டுக்குத் தமிழ்நாடுன்னு பேர் வைக்கணும்ங்கிறதையும் சேத்துப் பல கோரிக்கைகளோட 1956 ஜூலை 27ல உண்ணாவிரதம் உக்காந்து, அக்டோபர் 13ல உசுரை விட்டவர். பேர் மாறினது 1969 ஜனவரி 14ல. தமிழ்நாடு, தமிழ்நாடுன்னு நெஞ்சை நிமித்திப் பதிவு போடுற நம்மள்ல எத்தனை பேர் அந்த ஊர்ல இறங்கியிருக்கோம்? கையைத் தூக்குங்க பாப்போம்.

திருச்சுழியில 1879ல ரமணர் பிறந்த வீடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் கோயில் (அரசு முத்திரையில இருக்கிற கோபுரம் இதுவா, மதுரையாங்கிற பஞ்சாயத்தை இன்னொரு நாள் வச்சுக்குவோம்). அங்கிருந்து மேற்க போனா செண்பகத்தோப்பு. சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988ல சரணாலயமாக்கின காடு. 2021ல இருந்து மேகமலையோட சேந்து புலிகள் காப்பகம். ராஜபாளையத்துல குமாரசாமி ராஜா. 1949லேர்ந்து 1952 வரைக்கும் சென்னை மாகாணத்தை ஆண்டவர், சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் குடுத்துட்டுப் போனவர். மூவரைவென்றான்ல பாண்டியர் காலத்துக் குடைவரை.

போதுமா? வெயில் இருக்குதான். மறுக்கலை :-)

ஆனா இந்தப் பட்டியலைத் திரும்ப ஒருதரம் படிங்க. முதலமைச்சர், தியாகி, ஞானி, ஆண்டாள், ராஜா, பாண்டியன். எல்லாரும் பெரிய ஆளுங்க. இருக்க வேண்டியவங்கதான். ஆனா இந்த மாவட்டத்துல நூறு வருசமா காலையில தூக்குவாளியோட ஆபீஸ் வேனுக்குக் காத்து நிக்கிற சனம் எங்க? அவங்களுக்கு இதுல ஒரு வரி இருக்கா?

இந்தக் கேள்வி எனக்கு உறைச்ச இடம் வெம்பக்கோட்டை.

வெம்பக்கோட்டை பக்கத்துல விஜயகரிசல்குளம். வைப்பாத்தங்கரை. அங்க இருக்கிற மேட்டுல 2022 மார்ச்ல மாநிலத் தொல்லியல் துறை குழி வெட்ட ஆரம்பிச்சது. 2023ல ரெண்டாம் கட்டம், 2024ல மூணாம் கட்டம். முதல் கட்டத்துலயே கிடைச்ச பொருள்கள் மூவாயிரத்துக்கும் மேல. கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள், சுடுமண் காளை, புள்ளைங்க பாண்டி விளையாடுற வட்டச் சில்லு, நூல் நூக்குற தக்களி, சுடுமண்ல புகைபிடிப்பான். தங்கத்துல குட்டிக் குட்டி நகைத் துண்டுகள். மூணாம் கட்டத்துல திமில் உள்ள காளையைச் செதுக்கின சூதுபவளக் கல் ஒண்ணு.

பத்திரிகைல தங்கத்துக்குத்தான் பெரிய எழுத்து. அங்க வச்சிருந்த பொருள்கள் முன்னாடி நான் அதிக நேரம் நின்னது சங்கு வளையல்கிட்ட. முழுசா இருக்கிறதைவிட, உடைஞ்சதும், அறுத்துப் பாதியில விட்டதும் முக்கியம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. ஏன்னா, முழு வளையல் கிடைச்சா அங்க ஒருத்தி அதைப் போட்டிருந்தாள்னு மட்டும்தான் அர்த்தம். அரைகுறையா அறுத்த சங்கு கிடைச்சா, அங்கயே ஒருத்தர் உக்காந்து வளையல் அறுத்திருக்கார்னு அர்த்தம். அது பட்டறை. சங்கு இந்தக் கரிசல்ல விளையாது. கடல்லேர்ந்து இங்க வந்து, அறுபட்டு, வளையலாகி எங்கெங்கயோ வித்திருக்கு.

அதாவது, 1923ல சிவகாசிக்குத் தீப்பெட்டி வர்றதுக்குப் பல நூறு வருசம் முன்னாடியே, இந்த மண்ணு கூலிக்குக் கையால நுணுக்கமா செஞ்சு வெளியூருக்கு அனுப்புற ஊராத்தான் இருந்திருக்கு. குடிசைத் தொழில் எங்களுக்குப் புதுசில்லை. பொருள்தான் மாறியிருக்கு.

அந்தச் சங்கு அறுத்தவர் பேரு தெரியாது. சாதி தெரியாது. ஆனாலும் அவர் கையால கெட்டுப்போன ஒரு துண்டைக் கண்ணாடிக்குள்ள வச்சு, கீழ பேர் எழுதி, பள்ளிக்கூடப் புள்ளைங்களை வரிசையில நிக்க வச்சுக் காட்டுறோம். ரொம்பச் சரியான காரியம். கும்பிட்டுட்டு வந்தேன்.

இப்ப அங்கிருந்து சிவகாசிக்கு வண்டியைத் திருப்புங்க.

அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கத்துக்கிட்டு வந்து தொழில் தொடங்கின கதை 1920கள்ல நடந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும், அதனால அச்சுத் தொழில் வந்தது. தீக்குச்சி மருந்துல கை பழகினவங்க மத்தாப்புக்குப் போனாங்க. ரெண்டாம் உலகப்போர்ல வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்னதும் இங்க வெடி ஆபீசு பெருகிச்சு. மழை இல்லாத பூமி, காய வைக்க வெயில், விவசாயம் பொய்த்துப்போன கிராமங்கள்ல குறைஞ்ச கூலிக்கு ஆளு. 'குட்டி ஜப்பான்'னு நேரு சொன்னதாச் சொல்லி இன்னிக்கும் மார் தட்டிக்கிறோம்.

சரி, இந்தக் குட்டி ஜப்பான் கதையை எங்க போய்ப் பாக்கிறது? மூணு நாள்ல தீப்பெட்டிக்கோ பட்டாசுக்கோ லித்தோ அச்சுக்கோ ஒரு அறைகூட எங்க கண்ணுல படலை. சிவகாசியில ஒரு டீக்கடை அண்ணாச்சிகிட்ட விசாரிச்சேன். "அண்ணாச்சி, பழைய தீப்பெட்டி லேபிள், மெஷின் எல்லாம் வச்சிருக்கிற மியூசியம் எங்கயாச்சும் இருக்கா?" அவர் என்னை மேலும் கீழும் பாத்துட்டு, "மியூசியமா? குடோன் வேணும்னா காட்டுறேன் தம்பி"ன்னார். கூட வந்த ரெண்டு பேரும் டீ சிந்தச் சிந்தச் சிரிச்சானுங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

ஏன்னா எங்க அம்மாச்சி பெட்டி ஒட்டினவங்க. வீட்டுத் திண்ணையில பசைக் கிண்ணத்தோட உக்காந்து, குரோஸ் கணக்குல. குரோஸ்னா நூத்தி நாப்பத்தி நாலு. அம்மா கல்யாணத்துக்கு முந்தி தீப்பெட்டி ஆபீசுல கட்டை அடுக்கினாங்க. கட்டைன்னா, குச்சியை ஒவ்வொண்ணா இடைவெளி விட்டுச் சட்டத்துல அடுக்குறது. அடுக்கின கட்டையை அப்படியே மருந்துல முக்கி எடுப்பாங்க. கண்ணை மூடிக்கிட்டே அடுக்குவேன்னு இப்பவும் சொல்வாங்க. அந்தக் கட்டை ஒண்ணைப் பாக்கணும்னு நண்பன் கேட்டான். காட்ட முடியலை. பல ஆபீசுல மெஷின் வந்துருச்சு, கட்டை அடுப்புக்குப் போயிருச்சு. ரெண்டாயிரம் வருசத்து உடைஞ்ச வளையல் கிடைக்குது. முப்பது வருசத்துக் கட்டை கிடைக்கலை.

இதைத்தான் நான் கேக்குறேன். இதைச் சேத்து வைக்க யாருக்குத் தடை? மூணு பதில் வரும்னு தெரியும். ஒவ்வொண்ணாப் பாத்துடலாம்.

ஒண்ணு. "நூறு வருசம்லாம் ஒரு வரலாறா?"

ஸ்வீடன்ல யான்சோப்பிங்னு ஒரு ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டுல பாதுகாப்பான தீக்குச்சியை உலகத்துக்கே வித்த ஊர். அங்க பழைய தீப்பெட்டி ஆலைக்குள்ளயே 1948லேர்ந்து ஒரு தீப்பெட்டி அருங்காட்சியகம் நடக்குது. லேபிள், மெஷின், எல்லாம். அந்த ஊரை நாம உலக வரைபடத்துல தேடணும். அவங்களுக்குத் தோணினது நமக்கு ஏன் தோணலை? தீப்பெட்டி விலை 2007ல அம்பது பைசாலேர்ந்து ஒரு ரூபாயாகி, அப்புறம் பதினாலு வருசம் அசையாம நின்னு, 2021 டிசம்பர் 1லதான் ரெண்டு ரூபாயாச்சு. இடையில அரிசி விலை, பஸ் கட்டணம், நம்ம சம்பளம் எல்லாம் எங்கிட்டுப் போச்சு? அந்த ஒரு ரூபாயை அசையாமப் பிடிச்சு வச்சிருந்தது யாரோட கூலி? இது ஒண்ணே ஒரு சுவர் முழுக்க எழுதி வைக்க வேண்டிய பொருளாதாரப் பாடம்.

ரெண்டு. "ஏற்கெனவே நம்ம தொழிலுக்குக் கெட்ட பேரு. இதுல மியூசியம் வேற வச்சு, குழந்தைத் தொழிலாளி, வெடி விபத்துன்னு நாமளே காட்டணுமா?"

இது எங்க ஊர்க்காரங்க கேள்வி. பதிலும் அவங்களுக்குத்தான். அண்ணாச்சிகளா, நாம மறைச்சா மறையுமா? 1990லயே சலம் பென்னுர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்'னு படம் எடுத்துட்டார். சிவகாசிப் புள்ளைங்க விசயத்துல 1996ல உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதிருச்சு, வேலைக்கு வச்ச ஒவ்வொரு புள்ளைக்கும் முதலாளி இருபதாயிரம் கட்டணும்னு. உலகத்துக்கே தெரிஞ்ச கதையில நம்ம தரப்புன்னு ஒரு பக்கம்கூட இல்லை. அந்தப் புள்ளைங்க ஏன் போச்சு, எப்படி நின்னுச்சு, அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் போய் இஞ்சினியர் ஆனது எத்தனை, அதை யார் சொல்வா? புள்ளைங்களை ஆபீசுக்கு அனுப்பாம நிறுத்தினது இந்த ஊர்த் தாய்மாரோட வெற்றியும்தான். கெட்ட பேருக்குப் பயந்து நல்ல பேரையும் சேத்துப் புதைச்சுட்டோம்.

லண்டன்ல பௌனு ஒரு பகுதி. அங்க 1888ல தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. பாஸ்பரஸ் தாடை எலும்பை அரிச்சுத் தின்ன காலம். அந்தக் கட்டடச் சுவர்ல 2022ல அவங்களுக்காக ஒரு நினைவுப் பலகை வச்சாங்க. அதனால அந்த ஊர் மானம் ஒண்ணும் கப்பலேறலை.

மூணு. "வெடிச்சாத்தான் டிவில காட்டுறாங்களே, போதாதா?"

போதாது. அதுதான் இந்தப் பதிவே.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. 38 பேர். அதுல பலர் அந்த ஆபீசுல வேலை பாத்தவங்களே இல்லை. முதல் வெடி கேட்டு, உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்தவும் பாக்கவும் ஓடுன சுத்துப்பட்டு சனம். அடுத்த வெடியில மாட்டிக்கிட்டாங்க. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இருபது பேருக்கு மேல. அதுக்கப்புறமும் வருசா வருசம் ஒரு ஊர்ப் பேரு. நமக்கு இந்த மாவட்டத்துக் கிராமங்கள் பேரு தெரியறதே இப்படித்தான். கீழ எத்தனை பேருன்னு ஒரு எண். மறுநாள் அந்த எண்ணும் மறந்துரும்.

அந்த 38 பேர்ல ஒருத்தர் பேரு நமக்குத் தெரியுமா? வெம்பக்கோட்டையில சங்கு அறுத்தவர் பேரு தெரியாததுக்கு ரெண்டாயிரம் வருசம் காரணம். இதுக்கு என்ன காரணம்?

இந்த மறதி சும்மா வர்றதில்லை. மறந்தா யாருக்கோ வசதி. உள்குத்தகைக்கு விட்டது, அனுமதிச்சதைவிட அதிக ஆளை உள்ள உக்கார வச்சது, மருந்தை அறையில குவிச்சது, மரத்தடியில வச்சு வேலை வாங்கினது... ஒவ்வொரு விபத்துக்கு அப்புறமும் இதே காரணங்களைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். ஒரே சுவர்ல வருசவாரியா எழுதி வச்சா, எட்டாங்கிளாஸ் புள்ளைகூடப் பாத்துட்டு "இது எல்லாம் ஒரே மாதிரி இருக்கே சார்"னு கேட்டுடும். அந்தக் கேள்விக்கு எத்தனை பேர் பதில் சொல்லணும்னு யோசிங்க.

இதுல நகரத்து நண்பர்களுக்கும் பங்கு இருக்கு. தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி ரெண்டு கட்சி கிளம்பும். ஒண்ணு, பட்டாசைத் தடை செய்னு. இன்னொண்ணு, எங்க பண்டிகையில கை வைக்காதேன்னு. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டும்தான், சரவெடி கூடாதுன்னு சொன்னப்ப ரெண்டு கட்சியும் சத்தமாப் பேசிச்சு. ஆலைகள் மாசக்கணக்குல மூடிக் கிடந்தப்ப, ஆபீஸ் வேன் வராத கிராமத்துல அடுப்பு எப்படி எரிஞ்சதுன்னு எந்தக் கட்சியும் வந்து பாக்கலை. ஒருத்தருக்கு அந்தத் தொழிலாளி பாவப்பட்ட ஜீவன். இன்னொருத்தருக்கு 'எட்டு லட்சம் குடும்பம்'னு மேடையில உருட்டி விடுற எண். ரெண்டு பேருக்கும் அவங்க கையில என்ன வித்தை இருக்குன்னு தெரியாது. திரி வைக்கிறது, சக்கரம் சுத்துறது, பேரியம் இல்லாம நிறம் கொண்டுவரத் திணர்றது, இதெல்லாம் தெரிஞ்சவங்ககிட்ட ஒரு மணி நேரம் உக்காந்து பேசிட்டு அப்புறம் தடையோ ஆதரவோ பேசுங்கய்யா. தடை வேணும்கிறவரையும் நான் மதிக்கிறேன். பாக்காமப் பேசுறவரைத்தான் மதிக்க முடியலை.

கீழடிக்கு 2023 மார்ச்ல அருங்காட்சியகம் வந்தது. செட்டிநாட்டு பாணியில அம்சமா கட்டியிருக்காங்க. சந்தோசம். வெம்பக்கோட்டைக்கும் அப்படி ஒண்ணு வரணும், அந்த மண்ணுலயே வரணும், அள்ளிட்டுப் போய்ச் சென்னையில வைக்கக் கூடாது. வரும்போது அதுல கடைசியா ஒரு அறை வேணும்னு கேக்குறேன். சங்கு அறுத்தவர்ல தொடங்கிக் கட்டை அடுக்கினவ வரைக்கும் ஒரே வரிசையில. அல்லது 2021ல மாநகராட்சியா ஆன சிவகாசியில ஒரு பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடத்தை எடுத்துச் செய்யட்டும். லேபிள் இருக்கட்டும், காலண்டர் இருக்கட்டும், லித்தோ கல்லு இருக்கட்டும், அய்யநாடார் சண்முகநாடார் படமும் இருக்கட்டும். கூடவே வெடி விபத்துல செத்தவங்க பேரு, ஊரு, வயசு, வருசம். எண் வேண்டாம். பேரு.

அரசாங்கம் செய்யும்னு உக்காந்திருந்தா ஆகாது. அதுவரைக்கும் நாம செய்யக்கூடியது ஒண்ணு உண்டு. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, குடியாத்தம் பக்கத்துலேர்ந்து எழுத வந்தவங்க நம்ம கூட்டத்துல நிறைய இருக்கீங்க. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப போனை எடுத்து உங்க ஆச்சிகிட்ட, பெரியம்மாகிட்ட நீட்டுங்க. எந்த வயசுல போனீங்க, ஒரு கட்டைக்கு எவ்வளவு குடுத்தாங்க, வேன்ல என்ன பாட்டு பாடுனீங்க, எந்த விபத்துல யாரை இழந்தீங்கன்னு கேளுங்க. பரண் மேல பழைய லேபிள் கட்டு இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. நான் அம்மாகிட்ட ஆரம்பிச்சிருக்கேன். ஒன்றரை மணி நேரம் பேசியிருக்காங்க. "இதையெல்லாம் எதுக்குடா கேக்குற, இது ஒரு கதையா"ன்னு நடுவுல நாலு தரம் நிப்பாட்டினாங்க.

அந்த 'இது ஒரு கதையா'வைத்தான் முதல்ல ஒழிக்கணும். அதை அவங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நாமதான்.

டிஸ்கி 1: சுத்திப் பாக்க வர்றவங்க தை, மாசியில வாங்க. சித்திரையில வந்துட்டு என்னைத் திட்டக் கூடாது.

டிஸ்கி 2: 'உனக்கென்னப்பா, சென்னையில ஏசியில உக்காந்துக்கிட்டு'ன்னு ஆரம்பிக்கப் போறவங்களுக்கு: அந்த ஏசிக்கு என்னை அனுப்பினது கட்டை அடுக்கின காசு. அதான் எழுதுறேன்.